இருமலும் சேர்ந்த பாட்டு

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை.

காலையில் எழுந்ததும் வாசல் செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன். மோட்டார் சைக்கிளுக்குக் காற்றும் எண்ணெயும் பார்த்தேன். இரண்டும் போதுமானதாக இருந்தன. மாலையில் கோலா சாவா தோட்டத்துக் கோயிலில் நிர்வாகக் கூட்டம். நான் செயலாளர் என்பதால் சென்ற கூட்டத்தின் குறிப்பைப் படித்துத் திருத்தி, கோப்பில் வைத்தேன். பிறகு மனைவி சொன்னபடி முருங்கைக்காயும் துருவிய தேங்காயும் வாங்க பாரோய் பசாருக்குப் போனேன்.

தேங்காய்க் கடையில் ஒலிபெருக்கி ஓடிக்கொண்டிருந்தது. உறுமி மேளம் போட்டு, ஒரு இளைஞன் ‘நீலச் சட்டை’ பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான். “நீலச் சட்டை மடிச்சு வச்சேன்” என்ற வரி முடிந்ததும் பாடகன் லேசாக இருமினான். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவரும் கூடவே இருமினார்.

“உடம்பு சரியில்லையா?” என்று கேட்டேன்.

“இல்ல லா சார். அந்த எடத்துல அப்படித்தான் வரும். பாட்டுல உள்ளது.”

தேங்காயை வாங்கிக்கொண்டு முருங்கைக்காயை மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்கு அப்படி மறக்கிற வழக்கம் இல்லை. திரும்பவும் போக வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை அந்தக் கடையைத் தவிர்த்து வேறு வழியாகப் போனேன்.

அந்த இருமல் யாருடையது என்று எனக்குத் தெரியும். அவரைப் பற்றி ஒருநாள் எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பேரை எழுதப் போவதில்லை. ஒருவருடைய பேரைப் பாட்டில் வைத்தால் அது எங்கெல்லாம் போகும் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

அவர் செம்பனை என்ற எண்ணெய்ப் பனையின் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். உயரம் குறைவு, தோள் அகலம். ஓர் இடத்தில் உட்காரத் தெரியாதவர். தே ஓ என்கிற பால் கலக்காத தேநீர் கிளாஸைக் கையில் கொடுத்தால் அதை வைத்துக்கொண்டு சமையலறையில் நடப்பார். ஜன்னலைத் திறப்பார், அடுப்பைப் பார்ப்பார், செருப்பு வைக்கிற இடத்தில் எத்தனை ஜோடி இருக்கிறது என்று பார்ப்பார். திருவிழாவுக்குச் சில வாரங்கள் முன்பு எங்கள் தோட்டத்தில் இந்த நடமாட்டம் தொடங்கிவிடும். அவர் எங்கள் கோயில் உறுமி மேளக் குழுவின் பாட்டுக்காரர். பால்குடம் எடுக்கிறவர்களுக்குச் சாமி வர, ஊர்வலத்தில் பாட வேண்டும். அதற்காக வேண்டுதல் உள்ள வீடுகளுக்குப் போய்க் கேள்வி கேட்பார்.

கேள்விகள் விசித்திரமாக இருக்கும். “புள்ள எந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கும்?” “சண்ட போட்டா நீங்க மொதல்ல பேசுவீங்களா, அவரா?” “ஆஸ்பத்திரிக்குப் போறப்ப வீட்டப் பூட்டினீங்களா, மறந்துட்டீங்களா?”

“சாமிக்குத் தெரியாததா, இதையெல்லாம் ஏன் கேக்கறே?” என்று ஒரு வீட்டில் எரிந்து விழுந்தார்கள்.

“சாமிக்குத் தெரியும். எனக்குத் தெரியாதே,” என்றார்.

ஊர்வலத்தில் அந்த வீட்டுக்காரரின் முன்னால் வந்து, பின்பக்கமாக நடந்துகொண்டே, அவர் கண்ணைப் பார்த்துப் பாடுவார். ஒருவருக்குப் பாடிய வரியை இன்னொருவருக்குப் பாடியதில்லை. போன வருடம் பாடியதை அதே ஆளுக்கு இந்த வருடம் பாடியதும் இல்லை. மேளம் அடிக்கிற பையன்களுக்கு இதில் கோபம். எந்த வரி எங்கே முடியும் என்று தெரியாமல் எப்படி அடிப்பது? “என் வாயப் பாக்காத, அவங்க காலப் பாரு. கால் எங்க வைக்கிறாங்களோ அங்க அடி,” என்பார்.

பழைய கருவி, சுத்தமான கலை என்று பிடித்துக்கொண்டிருந்தவர் என்று யாரும் நினைக்கக் கூடாது. மெட்டெல்லாம் சினிமாவிலிருந்து எடுத்தது. வெட்கமே இல்லாமல் எடுப்பார். காதலர்கள் மழையில் ஆடிய மெட்டில் மாரியம்மனைக் கூப்பிடுவார். என் தகப்பனார் அந்தக் காலத்தில், “இவன் சாமி பாட்டைக் கெடுத்துட்டான், ரேடியோ வந்தப்பவே இது ஆரம்பிச்சது,” என்று சொல்லியிருக்கிறார். வயரில்லாத மைக் வந்தபோது எங்கள் வட்டாரத்தில் முதலில் வாங்கியவர் இவர்தான். அதில் எதிரொலியை அளவுக்கு மீறி ஏற்றி வைப்பார். குறைக்கச் சொன்னால், “எக்கோ இல்லன்னா என் குரல் எனக்கே பிடிக்காது லா,” என்பார்.

அவருடைய வழக்கத்தால் வம்பும் வந்ததுண்டு. இன்றைக்குக் கோயில் தலைவராக இருப்பவர் அப்போது தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர். அவருடைய மனைவி பால்குடம் எடுத்தார், கணவரின் முதுகுவலிக்காக. பாட்டுக்காரர் வழக்கம்போல அந்த வீட்டுக்கு இரண்டு முறை போனார். மண்டோரிடம் தனியாக என்ன கேட்டாரோ, மண்டோர் என்ன சொன்னாரோ. ஊர்வலத்தன்று பாட்டில் மண்டோரின் முதல் மனைவி வந்துவிட்டாள். பிரசவத்தில் இறந்துபோனவள். மண்டோர் சாலையிலேயே உட்கார்ந்து அழுதார். அவர் அழுது அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. தலையில் குடத்தோடு நின்ற மனைவிக்குச் சாமியும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

கோயில் வாசலில் குடத்தை இறக்கியதும் அந்த அம்மாள் பாட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார். “வெறும் கால்ல வெயில்ல நடந்தது நானு. அவ பேருக்கா பாட்டு?”

“அவரு அழுதாரு இல்ல அக்கா? பாரம் எறங்கியிருக்கும்.”

“எறங்கட்டும். ராத்திரிக்கு அவளே வந்து சோறு போடட்டும்.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டோம். பாட்டுக்காரர் சிரிக்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. கிளாஸில் மோரை வாங்கிக்கொண்டு, குடிக்காமல், பந்தலுக்குள் நடந்துகொண்டிருந்தார். அன்று எனக்கு அவர்மேல் கொஞ்சம் பயம் வந்தது. வீட்டுக்குள் வந்து எதையோ எடுத்துப் போகிறார், அதைத் தெருவில் வைக்கிறார். எடுத்தது யாருடையது என்ற கேள்வி அவருக்கு வருவதே இல்லை என்று தோன்றியது.

லெட்சுமி அக்காவின் மகன் இறந்தது அதற்கு அடுத்த வருடம்.

லெட்சுமி அக்கா தோட்டத்தில் உரம் போடும் வேலை செய்தவர். கணவர் முன்பே இல்லை. ஒரே மகன் சுங்கை காடுட்டில் தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். வீட்டில் அவனைச் ‘சிட்டு’ என்று கூப்பிடுவார். வேலை முடிந்து மோட்டாரில் திரும்பி வரும்போது லாரியில் அடிபட்டு, சாலையிலேயே உயிர் போய்விட்டது. லெட்சுமி அக்கா அழவில்லை. மயானத்திலும் அழவில்லை, கருமாதியிலும் அழவில்லை. நீண்ட காலம் அப்படியே இருந்தார். சாலையில் போன உயிர் சாலையிலேயே அலையும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவன் அலையாமல் இருக்க, மூன்று வருடம் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டார்.

பாட்டுக்காரர் அந்த வீட்டுக்குப் போனபோது கோயில் காரியமாக நானும் அங்கே இருந்தேன். லெட்சுமி அக்கா எங்களுக்குத் தே ஓ கலக்கினார். சாப்பிடுங்கள் என்றார். வேண்டாம் என்றோம். தனக்குச் சோறு எடுக்கப் போனவர் இரண்டு தட்டுகளை எடுத்தார். ஒன்றைத் திரும்ப வைத்தார். பாட்டுக்காரர் நடப்பதை நிறுத்தினார். அவர் நின்றதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அன்று அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அவனோட வேலைச் சட்ட எங்க அக்கா?”

“துவச்சு மடிச்சு வச்சிருக்கேன்.”

திருவிழாவில் ஆற்றங்கரையிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. செம்பனை மரங்களுக்கு நடுவே உள்ள மண்பாதையில் லெட்சுமி அக்காவுக்கு முன்னால் வந்து பாட்டுக்காரர் பாடினார்.

நீலச் சட்டை மடிச்சு வச்சேன் – என் சிட்டு
நீ போட வரலியே
ரெண்டு தட்டு எடுத்து வச்சேன் – என் சிட்டு
ஒண்ணு கழுவ வேலையில்ல
ஆத்தா நீயும் தாய்தானே – என் சிட்டு
எங்கேன்னு சொல்லேண்டி

முதல் வரி முடிந்ததும் பாதைப் புழுதி தொண்டையில் பட்டு இருமினார். இருமிவிட்டு விட்ட இடத்திலிருந்து எடுத்தார். ‘சொல்லேண்டி’ என்றபோது லெட்சுமி அக்காவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. மனிதச் சத்தமாக அது இல்லை. சாமி வந்துவிட்டது என்று பெண்கள் வேப்பிலையோடு ஓடினார்கள். குடத்தில் ஒரு துளி சிந்தவில்லை. கோயில்வரை ஆடிக்கொண்டே போனார். அபிஷேகம் முடிந்ததும் தரையில் உட்கார்ந்து, சாதாரண அம்மாவாக, சாதாரணமாக அழுதார்.

அதைக் கைப்பேசியில் எடுத்தவன் தினேஷ். அப்போது குழுவில் மேளம் அடித்துக்கொண்டிருந்த பையன். அன்று கையில் காயம், அதனால் அடிக்காமல் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அதை நல்ல எண்ணத்தில்தான் எல்லாருக்கும் அனுப்பினான். அது வாட்சப்பில் போயிற்று, யூடியூபில் போயிற்று. யாரோ அதன் அடியில் கனமான தாளம் சேர்த்தார்கள். அடுத்த தைப்பூசத்துக்குள் போர்ட்டிக்சனிலிருந்து கோலாப் பிலா வரை எல்லா உறுமிக் குழுக்களும் அதைப் பாடின. இருமலையும் சேர்த்துப் பாடின. பதிவில் இருக்கிறது, அதனால் பாட்டில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவில் எல்லாரும் ஒன்றாக இருமுவதை நானே பார்த்தேன். சிரம்பானில் ஒரு கல்யாண விருந்தில், சிட்டு என்பது ஏதோ பெண் என்று நினைத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் தோழர்கள் அதற்கு ஆடினார்கள்.

லெட்சுமி அக்காவுக்கு இது எப்படி இருக்குமோ என்று நான் கலங்கினேன். அவர் அதைக் கைப்பேசி மணியாகவே வைத்திருந்தார்.

“எத்தன பேரு கூப்புடுறாங்க பாத்தீங்களா தம்பி, என் புள்ளய,” என்றார். எந்தத் தோட்டத்தில் திருவிழா என்றாலும் பஸ் பிடித்துப் போனார். கூட்டத்தின் ஓரத்தில் நின்று, அந்தப் பாட்டு வரும்வரை காத்திருந்து, கேட்டுவிட்டு வருவார்.

பாட்டுக்காரருக்குத்தான் தாங்கவில்லை. அந்தப் பாட்டு ஓடும் என்று, பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை நடக்கிற சாலைப் பக்கம் லாரியைக் கொண்டுபோக மாட்டார். “இவனுங்க யாருக்குப் பாடறானுங்க?” என்று கேட்பார். “முன்னால யாரு இருக்கா?”

இரண்டாம் வருடம் அவர் தன் வழக்கப்படி லெட்சுமி அக்காவுக்குப் புதிதாகப் பாடினார். நல்ல வரிகள்தான். சட்டையும் இல்லை, தட்டும் இல்லை. பிள்ளை வருகிற நேரத்துக்கு இன்னும் நாய் வாசலில் எழுந்து நிற்கிறது என்று ஏதோ வந்தது. லெட்சுமி அக்கா நடந்தார், நின்றார், கேட்டார். பாதி வழியில் குடத்தைத் தலையிலிருந்து இறக்கிப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் பாதையை விட்டு விலகிப் போய்விட்டார். எங்கள் கோயிலில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. அறுந்த வேண்டுதலை மறு வருடமே ஒழுங்காக முடிக்காவிட்டால், வேண்டியதே பலிக்காது என்று பூசாரி சொன்னார். அதாவது, பையன் சாலையிலேயே இருப்பான்.

அந்த மறு வருடத்துக்கு முன்னால் அவர்கள் இருவரும் பேசியது நினைவில் அப்படியே இருக்கிறது. அதே சமையலறை. பாட்டுக்காரர் நடந்துகொண்டிருந்தார்.

“அந்த நீலச் சட்ட இன்னும் இருக்கா அக்கா?”

“எதுக்கு?”

“சும்மா, கேக்கறேன்.”

“குடுத்துட்டேன். பக்கத்து லயத்து வீட்டுல ஒரு வங்காளதேசப் பையன். மாத்துச் சட்ட இல்லன்னான்.”

இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “அதச் சொல்லுங்க! அதான் இந்த வருஷத்துப் பாட்டு. அவன் போட்டுக்கிட்டுப் போறப்ப பின்னாடியிருந்து பாத்தீங்களா?”

“அதெல்லாம் வேணாம். நீலச் சட்ட மடிச்சு வச்சேன்னுதான் பாடணும்.”

“மடிச்சு வைக்கலியே. குடுத்துட்டீங்களே.”

“இருக்கட்டும்.”

“அன்னைக்கி உள்ளத அன்னைக்கிப் பாடினேன் அக்கா. இப்ப அதப் பாடினா பொய் லா.”

லெட்சுமி அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். “பொய்யோ மெய்யோ, என் புள்ளைக்கு அந்தப் பாட்டுதான் தெரியும். ஊரெல்லாம் அதக் கேட்டுக்கிட்டுத்தான் வரான். நீ வேற பாடினா, நம்மளக் கூப்புடுறாங்கன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?”

இவர் ஜன்னல்வரை போய்த் திரும்பினார்.

“அப்ப அந்த வீடியோவையே ஸ்பீக்கர்ல போட்டுடலாமா அக்கா?” என்று நான் கேட்டேன். சமாதானமாகப் போகட்டும் என்றுதான்.

“ஸ்பீக்கரு எப்படிய்யா முன்னால நடக்கும்? இவருதான் பாடணும். ஆனா அதே மாதிரி.”

அடுத்த வாரம் வேறு வேலையாகச் செம்பனை ஆலைப் பக்கம் போனேன். குலை இறக்க லாரிகள் வரிசையாக நின்றன. அவர் தன் லாரியில் காதில் வயரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதே எனக்கு ஆச்சரியம். கைப்பேசியை அமுக்குவார், கேட்பார், நிறுத்துவார், வாய் அசையும், மறுபடி அமுக்குவார்.

“என்ன அண்ணே செய்றீங்க?”

“இவன் எங்க மூச்சு வாங்கறான்னு பாக்கறேன்,” என்றார்.

‘இவன்’ என்றது தன்னைத்தான். எனக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“நல்லாத்தான் பாடியிருக்கான். ஆனா ‘தாய்தானே’ல ஏன் இப்படி இழுத்தான்னு எனக்கு மறந்து போச்சு. என்ன நெனச்சு இழுத்தான்? தெரியல. இழுத்துத்தான் ஆகணும்.” மறுபடி அமுக்கினார். பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

திருவிழாவன்று கூட்டம் அதிகம். அந்தப் பாட்டை அதன் சொந்தக்காரரே பாடப் போகிறார் என்று வெளியூரிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். அவர் முன்னால் வந்தார். கைப்பேசிகள் உயர்ந்தன. அவர் பாடினார். மூச்சு அதே இடத்தில், இழுப்பு அதே இடத்தில். முதல் வரி முடிந்ததும் இருமினார். அன்று மழை பெய்து ஓய்ந்த பாதை, புழுதியே இல்லை. கூட்டமும் சேர்ந்து இருமியது. சிலர் சிரித்தார்கள். லெட்சுமி அக்காவுக்கு இது எதுவும் காதில் விழவில்லை. ‘சொல்லேண்டி’யில் சாமி வந்தது. கோயில்வரை ஒரு துளி சிந்தாமல் போனார். அபிஷேகம் ஆயிற்று. அந்த முகத்தில் நான் பார்த்த நிம்மதியை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

அன்னதானத்தில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“வேண்டுதல் முடிஞ்சிருச்சு அண்ணே.”

“முடிஞ்சிருச்சு.”

“இருமலக்கூட விடலியே நீங்க.”

“விட்டா அவன் தேடுவான் இல்ல,” என்றார்.

அதற்கடுத்த வருடமும் அவர் வீடு வீடாகப் போனார். ஒரு வீட்டில் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தவர் நடுவில் நிறுத்திவிட்டு வெளியே வந்துவிட்டார். கேள்வி வருகிறது, வரி வரவில்லை என்றார். வாயைத் திறந்தால் அந்த நீலச் சட்டைப் பாட்டின் மூச்சுதான் விழுகிறதாம். திருவிழாவுக்கு முன்பே பகாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் லாரி வேலை கிடைத்து மாறிப் போனார். மைக்கைத் தினேஷிடம் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

கைப்பேசிதான் அந்த மனுஷனைக் கெடுத்தது என்று எங்களில் பலர் சொல்வார்கள். நானும் சில காலம் அப்படிச் சொன்னேன். இப்போது சொல்ல முடியவில்லை. முன்னால் நிற்கிற ஆளுக்குப் பாட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய சட்டம். லெட்சுமி அக்காவுக்கு முன்னால் அவர் அதைத்தான் செய்தார். தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் கொடுத்து ஒரு நகலைச் செய்தார். அது கலையா, கலையின் முடிவா என்று என்னைக் கேட்டால், இன்று காலை இரண்டு வேறு வழிகளில் பசாருக்குப் போனவன் நான் என்றுதான் சொல்ல முடியும்.

இவ்வளவையும் மதியத்தில் எழுதிவிட்டு மாலைக் கூட்டத்துக்குப் போனேன்.

தினேஷ் இப்போது கோயில் பொருளாளர். சுங்கை காடுட்டில் டெக்னீஷியன் வேலை. வரவு செலவு படித்து முடித்ததும், “ஒண்ணு கேளுங்க,” என்று கைப்பேசியை மேசையில் வைத்தான். உறுமி ஒலித்தது. ஒரு பெண் குரல் பாடியது.

வாசலிலே விளக்கேத்தி வழிபாத்து நிக்கிறேன்
வருவேன்னு சொன்ன மகன் வழி மறந்து போனானோ

மகனை இழந்த தாய், மாரியம்மன், பால்குடம் என்று கைப்பேசியில் ஒரு செயலிக்கு எழுதிக் கொடுத்தானாம். அதுவே வரி எழுதி, மெட்டுப் போட்டு, பாடியும் கொடுத்துவிட்டது என்றான். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எரிச்சலாக இருந்தது, ஆனால் வந்துவிட்டது.

“ரொம்ப நல்லாருக்கே,” என்றார் தலைவர், அந்தப் பழைய மண்டோர்.

“இந்த வருஷம் பால்குடம் எடுக்கற ஒவ்வொருத்தருக்கும் தனிப் பாட்டு தலைவரே. பேரு, வேண்டுதல், வீட்டு விஷயம் கொஞ்சம். குடுத்தா போதும்.”

“அப்ப என் வீட்டுக்காரிக்கும் ஒண்ணு போடு. அவ பேரு மட்டும் வரட்டும். வேற யாரு பேரும் வேணாம்.” எல்லாரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. “அந்த அண்ணன் வீட்டுக்கு வந்து கேப்பாரு தினேஷ்,” என்றேன்.

“எத்தன வீட்டுக்கு வந்தாரு?” தினேஷின் குரல் மாறிவிட்டது. “வருஷத்துக்கு நாலு வீடு, அஞ்சு வீடு. மத்தவங்க சும்மா பின்னாடி நடந்தாங்க. எங்கம்மா எத்தன வருஷம் எடுத்தாங்க தெரியுமா? ஒரு வருஷம்கூட அவங்களுக்குப் பாடல. நான் மேளம் அடிச்சுக்கிட்டு முன்னால போறேன், எங்கம்மா யாரோ மாதிரி பின்னாடி வராங்க. பெரிய கலைஞர்தான். நான் இல்லன்னு சொல்லல.”

அவன் சொன்னது உண்மை. அவனுடைய அம்மா போன வருடம் இறந்துவிட்டார்.

தலைவர்தான் பேச்சை முடித்தார். “சாமி ஆடுறது பொம்பளைங்க. அவங்க கேட்டு நல்லாருக்குன்னா வைப்போம். செயலாளரே, நீங்க போய்க் கேட்டுட்டு வாங்க. லெட்சுமியம்மாகிட்ட மொதல்ல.” அப்படியே குறிப்பில் எழுதினேன். தினேஷ் பாட்டை என் கைப்பேசிக்கு அனுப்பினான்.

ஏப்ரல் 13, ஞாயிறு.

காலையில் முதல் வேலையாக, பசியாறாமல்கூட, கோலா சாவாவுக்குப் போனேன். லெட்சுமி அக்கா முறத்தில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். வயதாகிவிட்டது. பால்குடத்தை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன.

“என்ன தம்பி, பொழுது விடிஞ்சதும் விடியாததுமா?”

ஒரு பாட்டு கேட்க வேண்டும் என்றேன். எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை. கைப்பேசியை முறத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். முதல் வரியிலேயே அவருடைய கை நின்றது. தலை கிள்ளிய நெத்திலி ஒன்று விரல்களுக்கு நடுவிலேயே இருந்தது. மகன் வழி மறந்த இடம் வந்ததும் என்னைப் பார்த்தார்.

“ஐயோ. யாரோட புள்ள தம்பி இது?”

“யாரோடதும் இல்லக்கா. மெஷினே எழுதி, மெஷினே பாடுது.”

“அப்ப யாரும் சாகலயா?”

“இல்லக்கா.”

“நல்லதாப் போச்சு,” என்று நெத்திலியை முறத்தில் போட்டார். அடுத்ததை எடுத்தார். பாட்டு போய்க்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, கைப்பேசியின் பக்கம் முகத்தால் காட்டி, குரலைத் தாழ்த்தினார்.

“பாவம், இந்தப் பொம்பள இன்னும் அழுதுக்கிட்டே இருக்காளே. யாராச்சும் அவகிட்டப் போய், யாரும் சாகலன்னு சொல்லக் கூடாதா தம்பி?”